வயரின் மறுமுனை

மாரி தொடங்கிவிட்டால் சாய்ந்தமருதுக் கடற்கரையோர வீடுகளில் எதுவும் முழுதாகக் காய்வதில்லை. உப்பும் ஈரமும் சேர்ந்து கதவுக் கீல் முதல் தையல் ஊசி வரை தின்றுகொண்டே இருக்கும். கீலையும் ஊசியையும் பற்றி ஜெனூபாவுக்குக் கவலையில்லை. அவளுடைய பயமெல்லாம் மகள் ஸப்னாவின் காதுக்குப் பின்னால் கொளுவியிருக்கும் மெஷினைப் பற்றியது. தங்கமென்றால் அலுமாரியில் வைத்துப் பூட்டலாம். இது பிள்ளை விழித்திருக்கும் நேரமெல்லாம் தலையிலேயே இருக்க வேண்டிய பொருள்.

ஸப்னாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. மூன்று வயதில் கொழும்பில் ஒப்பரேஷன் செய்து மண்டைத் தோலுக்கு அடியில் ஒரு கருவியை வைத்தார்கள். வெளியே காதுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி. அதிலிருந்து போகும் வட்டத்தட்டு காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் கேட்கும், எடுத்தால் கேட்காது. இரவில் தட்டைக் கழற்றி, ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட போத்தலுக்குள் பெட்டியையும் அதையும் வைத்து மூடுவாள் ஜெனூபா. அதன் பிறகு விளக்கை அணைத்தால் பிள்ளைக்குப் பார்வையும் இல்லை, சத்தமும் இல்லை. தாயின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கும். பிடி தளர்ந்தால் திடுக்கிட்டு எழும்பிவிடும்.

அந்த விரலை நினைத்துத்தான் ஜெனூபா பள்ளிக்கூடத்தை நினைத்தாள். ஜனவரியில் ஸப்னா முதலாம் ஆண்டுக்குப் போக வேண்டும். வீட்டடி ஒழுங்கை முடிகிற இடத்திலேயே பள்ளிக்கூடம். அதிபர் நல்ல மனிதர். ஆனாலும் உறுதி சொல்லவில்லை. வகுப்பு ரீச்சர் பிள்ளையைப் பார்க்கட்டும், சொல்வது விளங்கினால் சேர்க்கலாம், விளங்காவிட்டால் செவிப்புலனற்றோர் பாடசாலைதான் பிள்ளைக்கும் நல்லது என்றார். அந்தப் பாடசாலை வேறு மாவட்டத்தில், விடுதியோடு இருந்தது. அங்கே இரவில் யாருடைய விரலைப் பிடிப்பாள்?

ஸப்னாவின் வாப்பா மசூர் கட்டாரில் தண்ணீர் லொறி ஓட்டினான். ஒப்பரேஷன் முடிந்த மாதமே போனவன், இன்னும் வரவில்லை. வெள்ளிக்கிழமைகளில் வீடியோவில் வருவான். வீடியோவில் ஸப்னா அவனுடைய வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள், ஒன்றும் பேசமாட்டாள். அதனால் அவன் குரல் மட்டும் பதிந்து அனுப்பத் தொடங்கினான். கொழும்பில் மெஷினோடு ஒரு வயரும் கொடுத்திருந்தார்கள். ஒரு முனையைக் காதுப் பெட்டியின் அடியில் செருகி, மறுமுனையைப் போனில் செருகினால், போனின் சத்தம் காற்றில் வராமல் நேரே பிள்ளையின் தலைக்குள் போகும். வீட்டில் வேறு எவருக்கும் கேட்காது. போனில் வயர் செருகியிருக்கும்போது, அதற்குள் என்ன போகிறது என்று ஸப்னாவுக்கு மட்டுமே தெரியும்.

ஜெனூபா அதை ஒரு பாடமாக்கினாள். விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்ததும் இடியப்ப வேலை. வறுத்த மாவில் சுடுதண்ணீர் விட்டுக் குழைத்து, உரலில் பிழிந்து, தட்டுத் தட்டாக அவித்து எடுப்பாள். தங்கச்சி றாஹிலா அதை ஸ்கூட்டியில் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொண்டுபோவாள். கடைசித் தட்டு அடுப்பில் ஏறும்போது ஸப்னா முகம் கழுவி வந்து பலகைக்கட்டையில் உட்காருவாள். மெஷின், வயர், போன். சலாமும் சின்னச் சின்னக் கேள்விகளுமாக மசூர் அனுப்பிய நாலைந்து குரல் பதிவுகளை ஜெனூபா ஒன்றன்பின் ஒன்றாகப் போடுவாள். எப்போதும் அதே பதிவுகள், அதே வரிசை. அவள் மதறஸாவில் குர்ஆன் சூறாக்களைப் பாடமாக்கியது அப்படித்தான். திரும்பத் திரும்ப, வரிசை குலையாமல், நாவில் படியும்வரை. அந்த வழி அவளுக்குப் பலித்தது. மகளுக்கும் பலிக்கும் என்று நம்பினாள்.

பலித்தது. அல்லது பலித்ததாகத் தெரிந்தது. போன் திரையில் ஒரு புள்ளி கோட்டின்மேல் ஊர்ந்துபோய் நிற்கும். நின்றதும் ஸப்னா வாய் திறப்பாள்.

"வஅலைக்குமுஸ்ஸலாம் வாப்பா."

அடுத்த புள்ளி ஊரும், நிற்கும்.

"இடியப்பம் வாப்பா."

பிறகு, "உம்மாவுக்கு அடிக்கல்ல வாப்பா." கடைசியில், "சைக்கிள் வாப்பா. செவப்பு."

றாஹிலா இதை வீடியோ எடுத்து மச்சானுக்கு அனுப்பினாள். மசூரின் அறையில் இருந்தவர்கள் ஆளுக்காள் போனை வாங்கிப் பார்த்தார்களாம். ஒருவர் அழுதே விட்டாராம். வீடியோ ஊருக்குத் திரும்பி வந்து குடும்பத்துக்குள் சுற்றி, அதிபரின் மனைவியின் போனுக்கும் போனது. "புள்ள நல்லாக் கதைக்கிதே" என்று அதிபர் சொல்லியனுப்பினார். ரீச்சரைப் பார்க்க வரும் திங்கட்கிழமை பிள்ளையைக் கூட்டிவரச் சொன்னார்.

அதற்கு முந்திய வியாழக்கிழமை விடிந்தபோது நல்ல மழை. அடுப்படிக்குள் புகையும் ஆவியும் நிறைந்திருந்தன. றாஹிலா தட்டுகளிலிருந்து இடியப்பத்தைக் கவிழ்த்து எண்ணாமல் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ராத்தா, மச்சான் உனக்கு இப்பிடி இனிப்பா ஒரு வொய்ஸ் அனுப்பிரிக்காரா? மகளுக்கு மட்டும்தானே தேன் ஒழுகுது."

"உனக்கும் ஒருத்தன் வருவான். அப்ப பாப்பம்."

"வாறவன் இடியப்பம் திங்காதவனா இரிக்கணும். அது ஒண்டுதான் என்ட துஆ. இந்த உரலோட மல்லுக்கட்ட எனக்கு ஏலா."

ஜெனூபா சிரித்துக்கொண்டே மகளின் பக்கம் திரும்பினாள். ஆவி படாமல் மெஷினைத் துடைத்துவிட வேண்டும். ஸப்னா தலையில் சால்வையோடு, மடியில் போனோடு உட்கார்ந்து, புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெனூபா சால்வையை மெல்ல விலக்கினாள்.

வயரின் காதுப்பக்க முனை பெட்டியில் இல்லை. பிள்ளையின் சட்டைக் கழுத்துக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது.

புள்ளி ஊர்ந்து போய் நின்றது.

"இடியப்பம் வாப்பா" என்றாள் ஸப்னா.

ஜெனூபாவின் கை சால்வையோடு அப்படியே நின்றது. அடுத்த பதிவு தொடங்கியது. புள்ளி ஊர்ந்தது. போனிலிருந்து வெளியே ஒரு சத்தமும் இல்லை. வயரின் முனை வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது. புள்ளி நின்றது.

"உம்மாவுக்கு அடிக்கல்ல வாப்பா."

"என்ன ராத்தா?" என்றாள் றாஹிலா. "பேயப் பாத்த மாதிரி நிக்கிறாய்."

ஜெனூபா வயரை எடுத்துப் பெட்டியில் செருகினாள். போனை வாங்கி, கடைசிப் பதிவை, வாப்பா வரும்போது என்ன கொண்டுவர வேண்டும் என்று மசூர் கேட்கும் பதிவை, முதலாவதாகப் போட்டுக் கொடுத்தாள். ஸப்னா புள்ளி நிற்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டு, தாயின் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"வஅலைக்குமுஸ்ஸலாம் வாப்பா."

அடுப்பில் கடைசித் தட்டு தண்ணீர் வற்றித் தீய்ந்த மணம் வந்தது. றாஹிலாதான் ஓடிப்போய் இறக்கினாள்.

எப்போதிலிருந்து? அன்றைக்கு முழுவதும் ஜெனூபா இந்த ஒரு கேள்வியைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டாள். இன்றைக்குத்தான் வயர் கழன்றதா, நேற்றும் இப்படித்தானா? வீடியோ எடுத்த அன்று முனை உள்ளே இருந்ததா? வீடியோவைப் போட்டுப் பார்த்தாள். அதில் சால்வை மூடியிருந்தது. பிள்ளைக்குக் கேட்கிறது என்று தான் நினைத்த மற்ற எல்லாவற்றையும் சந்தேகித்தாள். கோழி கூவினால் திரும்புகிறாளே, அது சத்தத்துக்கா, கோழியைக் கண்டா? கூப்பிட்டால் வருகிறாளே, அது நிலத்தின் அதிர்வா? பின்னேரம், ஸப்னா விளையாடிக்கொண்டிருக்கையில், பின்னால் நின்று மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பிள்ளை திரும்பினாள். அதுவும் ஜெனூபாவுக்குப் போதவில்லை. தன் நிழல் முன்னால் விழுந்திருக்குமோ என்று நிலத்தைப் பார்த்தாள். மழைக்காலத்து வானத்தில் நிழல் ஏது.

மறுநாள் காலை கல்முனைக்குப் போனார்கள். அங்கே ஸப்னாவுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பவள் சிவரூபினி. காரைதீவுப் பெண், ஜெனூபாவை விட இளையவள். ஜெனூபா சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு வயரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். முனையில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. இன்னொரு வயரைச் செருகி, பழையதைச் செருகி, மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"அக்கா, இது செத்துப்போச்சு. உப்புக் காத்து. இதைச் செருகினாலும் ஒண்டுதான், செருகாட்டியும் ஒண்டுதான்."

"எப்பயிலிருந்து?"

"அதை எப்பிடியக்கா சொல்றது? மாசக்கணக்காவும் இரிக்கலாம்." கொஞ்சம் தயங்கிவிட்டு மிச்சத்தையும் சொன்னாள். "ஒண்டு தெரிஞ்சுகொள்ளுங்க. இந்த மெஷின்ல வயரைச் செருகினா வெளிச் சத்தத்தை அது நிப்பாட்டிடும். போன் சத்தம் மட்டும்தான் உள்ள போகும். வயரும் செத்திட்டெண்டா, அந்த நேரம் பிள்ளைக்கு ஒண்டுமே கேட்டிருக்காது."

தான் பாடம் நடத்திய காலைகளெல்லாம் பிள்ளை இரவில்போல ஒன்றும் கேட்காமல் இருந்திருக்கிறாள். ஜெனூபா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அழாதீங்க. மெஷின் நல்லா இரிக்கு. இப்ப பாருங்க." சிவரூபினி ஒரு மட்டையால் வாயை மறைத்துக்கொண்டு, "ஸப்னா, மூக்கைத் தொடுங்க" என்றாள். ஸப்னா தொட்டாள். "சப்பாத்தைக் கழட்டுங்க." கழற்றினாள். ஜெனூபாவுக்கு உயிர் வந்தது. பிறகு சிவரூபினி இதுவரை சொல்லாத ஒன்றைக் கேட்டாள். "வீட்டில ஆரு நல்லாக் குறட்டை விடுவாங்க?"

ஸப்னா தாயைத் திரும்பிப் பார்த்தாள். சிரித்தாள். "ஓம்" என்றாள்.

"இதான் பிரச்சினை" என்றாள் சிவரூபினி. "கேட்கிறது, ஆனா எல்லாம் கேட்காது. அது பரவாயில்ல, கேட்காத இடத்தில என்ன எண்டு திருப்பிக் கேட்டுக் கேட்டுத்தான் வரும். ஆனா இவ கேட்கல்ல எண்டு சொல்றாளில்ல. ஓம் எண்டா நீங்க சந்தோசப்படுறீங்க. உங்கட முகத்தைப் பாத்துத்தான் பதில் சொல்றாள்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஸப்னா யன்னலோரம் நின்று கடலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஜெனூபா மகளின் முகத்துக்குத் தன் முகத்தைக் காட்டாமல் மற்றப் பக்கம் திரும்பி இருந்தாள். பிறகு அதுவும் பிழையோ என்று நினைத்துத் திரும்பினாள்.

பின்னேரம் மசூர் அழைத்தான். ஜெனூபா ஒன்றையும் மறைக்கவில்லை. லொறி இரைகிற சத்தம் மட்டும் வந்தது.

"அப்ப என்ட குரல் அவக்குக் கேக்கவே இல்லையா?"

"ஆரம்பத்துல கேட்டிரிக்கும். பாடமாக்கியிரிக்காள்தானே. ஆனா எப்ப நிண்டதெண்டு தெரியா."

"நான் எல்லார்ட்டயும் காட்டினன் புள்ள. என்ட மகள் என்னோட கதைக்கிறாள் எண்டு."

"தெரியும்."

"இஞ்ச பாரு. திங்கக்கிழம ரீச்சர்ட்ட இதெல்லாம் அவுத்துக் கொட்டாத. முதல்ல இடம் கிடைக்கட்டும். சேந்த பிறகு பிள்ள தன்னால பழகிடும்."

"பழகாட்டி?"

"பழகாட்டிப் பாப்பம். இப்ப நீயே கெடுத்துடாத, ஜெனூ. ஹொஸ்டல்ல விட்டா உனக்குத் தாங்குமா?"

தாங்காது. அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். போனை வைத்த பிறகு றாஹிலாவும் அதையேதான் சொன்னாள்.

"மச்சான் சொல்றது சரிதான் ராத்தா. கலியாணத்துக்குப் பொண் பாக்க வரக்குள்ள பொண்ணுக்குக் குறட்ட விடுற பழக்கம் இரிக்கெண்டு ஆராச்சும் சொல்லுவாங்களா?"

"உனக்கு எல்லாம் பகிடி."

"பகிடி இல்ல. நீ வாயத் தொறந்தா புள்ளய அனுப்பணும். அதச் சொல்றன்." சொல்லிவிட்டு றாஹிலா திரும்பிப் போய், உரலைக் கழுவத் தேவையில்லாமல் இன்னொரு தரம் கழுவினாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஜெனூபா ஒவ்வொன்றாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். பேசாமல் இருப்பது. ரீச்சர் வழக்கமாகக் கேட்கிற கேள்விகளை அவளே பிள்ளையிடம் கேட்டுப் பழக்கினாள். பெயர், வயது, வீட்டில் யார் யார். பழக்கும்போதே, இதுவும் அந்தப் பதிவுகளைப் போலத்தானே என்று மனம் குத்தியது. குத்தினாலும் பழக்கினாள்.

திங்கட்கிழமை வானம் பிளந்ததுபோல மழை. ஓட்டோக்காரர் பள்ளிக்கூட வராந்தாவின் ஓரம்வரை கொண்டுவந்து நிறுத்தினார். ஒரு துளி படாமல் இறங்கினார்கள். முதலாம் ஆண்டு வகுப்பில் பிள்ளைகள் இல்லை, விடுமுறை. கூரைத் தகட்டில் மழை கொட்டிய சத்தத்தில் ஜெனூபாவுக்கே தன் சலாம் சரியாகக் கேட்கவில்லை. முனவ்வறா ரீச்சர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, குனிந்து பிள்ளையின் முகத்துக்கு நேரே பேசினார்.

"பேர் என்ன மகள்?"

"ஸப்னா."

"எத்தின வயசு?"

"அஞ்சு."

"வீட்டுல ஆரு ஆரு இரிக்காங்க?"

"உம்மா, சாச்சி. வாப்பா கட்டார்ல."

ரீச்சர் ஜெனூபாவைப் பார்த்துத் தலையசைத்தார். அப்போது காற்றடித்து யன்னலால் சாரல் உள்ளே வந்தது. ரீச்சர் எழும்பிப் போய் யன்னலைச் சாத்தினார். சாத்திக்கொண்டே, முதுகைக் காட்டியபடி, "வரக்குள்ள நல்லா நனஞ்சிட்டீங்களா மகள்?" என்று கேட்டார்.

ஸப்னா தாயைப் பார்த்தாள். ஜெனூபாவின் முகம் அந்த நேரம் எப்படி இருந்ததோ, அவளுக்கே தெரியாது. பிள்ளை சிரித்தாள்.

"ஓம் ரீச்சர்."

"மாஷா அல்லாஹ்!" ரீச்சர் சந்தோசமாகத் திரும்பி வந்தார். "இந்த மழைக்குள்ளயும் புள்ளைக்கிக் கேக்குதே. நான் பயந்துபோய் இரிந்தன் தங்கச்சி, வீணா." மேசையில் இருந்த பேனையை எடுத்தார்.

இனி ஒன்றும் செய்யத் தேவையில்லை. சும்மா இருந்தால் போதும். ஒழுங்கையின் முடிவில் பள்ளிக்கூடம், மத்தியானம் வீடு, இரவில் விரல். ஜெனூபா பேனையைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். ஸப்னா அதே சிரிப்போடு, வேலை முடிந்தது என்பதுபோல, கதிரையில் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். நாளைக்கு இந்த வகுப்பில், ரீச்சர் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு சொல்லும் ஒவ்வொன்றுக்கும் இவள் இப்படியே சிரித்துக்கொண்டு இருப்பாள். ஒருவரும் கண்டுபிடிக்கமாட்டார்கள். தானே கண்டுபிடிக்கவில்லையே.

"ரீச்சர், அவக்குக் கேக்கல்ல."

"என்ன சொல்றீங்க?"

"நாங்க நனையல்ல. ஓட்டோ வராந்தாவரைக்கும் வந்தது. நீங்க அங்கால பாத்துக் கேட்டீங்க, அது அவக்குக் கேக்கல்ல. கேக்காட்டி என்ட முகத்தப் பாத்து ஓம் எண்டு சொல்லுவா. நேர பாத்துச் சொன்னா விளங்கும். பின்னால நிண்டு சொன்னாலும் அமைதியான இடத்துல விளங்கும். இப்பிடிச் சத்தத்துல விளங்கா."

ரீச்சர் பேனையை மூடி மேசையில் வைத்தார். கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி, பிள்ளையின் மெஷினை முதல்முறையாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார்.

"என்ட வகுப்பு எப்பிடி இரிக்கும் எண்டு தெரியும்தானே? மீன் சந்த மாதிரி. எல்லாரும் ஒரே நேரத்துல கத்துவானுகள். அதுக்குள்ள இவக்குக் கேட்டிச்சா இல்லையா எண்டு நான் எப்பிடித் தங்கச்சி அறியிற? ஓம் எண்டு சொன்னா ஓம் எண்டுதானே நினைப்பன்."

மசூரின் குரலும் றாஹிலாவின் குரலும் ஜெனூபாவின் தலைக்குள் ஒன்றாகக் கேட்டன. கெடுத்துவிட்டாள்.

ரீச்சர் யோசித்தபடி எழும்பினார். "இன்னொருக்காப் பாப்பம்" என்று சொல்லி, கரும்பலகைக்குப் போய், வேண்டுமென்றே முதுகைக் காட்டி நின்றார். ஏதோ கேட்டார். மழையில் அது ஜெனூபாவுக்கும் பாதிதான் விழுந்தது.

ஸப்னா உடனே தாயின் பக்கம் திரும்பினாள்.

ஜெனூபா தலையைக் குனிந்துகொண்டாள். நிலத்துச் சீமெந்தில் வெடிப்பு ஒன்று மேசைக்காலில் தொடங்கி வாசல்வரை போயிருந்தது. அதையே பார்த்தாள். பிள்ளை அவளுடைய அபாயாவை இழுத்தாள். நிமிரவில்லை. மறுபடி இழுத்தாள். நிமிரவில்லை. கண்ணீர் வந்தால் பிள்ளை அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்வாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். மழை கொட்டிக்கொண்டே இருந்தது.

இழுவை நின்றது. சின்னக் கால்கள் நிலத்தில் இறங்கின. ஜெனூபா ஓரக்கண்ணால் பார்த்தாள். ஸப்னா கரும்பலகைவரை நடந்துபோய் ரீச்சரின் சாரியைப் பிடித்து ஒரு தரம் இழுத்தாள்.

"என்ன?" என்றாள். குரல் கோபமாக இருந்தது. "கேக்கல்ல."

ரீச்சர் திரும்பினார். குந்தி இருந்து, முகத்துக்கு நேரே, ஆறுதலாகச் சொன்னார். "எந்தக் கதிரையில இரிக்க விருப்பம் எண்டு கேட்டன்."

ஸப்னா வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்தாள். யன்னலோரம் போனாள், அங்கே நின்று கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பினாள். பின்வரிசையை விட்டாள். ரீச்சரின் மேசைக்குப் பக்கத்தில், மேசையைப் பார்த்தபடி இருந்த கதிரையில் ஏறி உட்கார்ந்தாள்.

"அப்ப அது உங்கட" என்றார் ரீச்சர். பேனையைத் திறந்துகொண்டு ஜெனூபாவிடம் திரும்பினார். "நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க தங்கச்சி. நாங்க ரெண்டு பேரும் கதைக்கப் போறம். உங்கட முகம் இஞ்ச வேணாம்."

ஜெனூபா வராந்தாவுக்கு வந்தாள். வாசலால் பார்த்தபோது ரீச்சரின் வாய் அசைந்தது. ஸப்னா கையை விரித்து ஏதோ நீளமாகச் சொன்னாள். ரீச்சர் சிரித்தார், மறுபடி கேட்டார். உள்ளே என்ன கதைக்கிறார்கள் என்று மழையில் ஒன்றும் கேட்கவில்லை.